மஞ்சள் மிதவை வரை

அத்தியாயம் பதினேழு

வீட்டில் மொத்தமே மூன்று பேர். மூன்று பேரும் வாயாடிகள். ஆனால் ஒன்பது மாதமாக ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போன வாரம்வரை நாம் பார்த்தது இவ்வளவுதான். வீட்டின் மகள் வாத்து, கடற்கரையில் லைஃப்கார்டு. வயது முப்பத்திரண்டு. ஆறு வயதில் நீச்சல் குளத்தைவிட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தபோது ஒட்டிக்கொண்ட பெயர், வேலை செய்யும் இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. ஒன்பது மாதத்துக்கு முன்னால், மூழ்கிக்கொண்டிருந்த ஒருவரைக் காப்பாற்றப் போய் அவளே மூழ்கினாள். இன்னொரு லைஃப்கார்டு படகோடு வந்து இரண்டு பேரையும் கரை சேர்த்தார். அன்றிலிருந்து அவள் கால் கடலில் படவில்லை. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, கரையில் விட்டுப்போன செருப்புகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

கடலில் இறங்குவதில்லை என்று வீட்டில் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் ஆபீஸ் குழாயில் நீச்சல் உடையை நனைத்து, பிழிந்து, பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவாள். கொடியில் ஈரம் சொட்டினால் அம்மாவுக்குச் சந்தேகம் வராது என்பது அவள் யோசனை. அப்பாவிடம் மட்டும் போன வாரம் அழுதுகொண்டே உடைத்துவிட்டாள்.

இன்றைக்குத்தான் கெடு. பகல் பன்னிரண்டு மணிக்குள் மஞ்சள் மிதவையைத் தொட்டுவிட்டு நீந்தித் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து நிரந்தரமாக டிக்கெட் ஜன்னல். அதன்பிறகு லைஃப்கார்டு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இன்றைக்கே ஊழியர் குடும்பங்களுக்கு இலவசக் குடையும் நாற்காலியும். "ஒரு மணிக்கு வாங்க" என்று வீட்டில் சொல்லியிருந்தாள். ஜெயித்துவிட்டால் சிரித்துக்கொண்டே சாப்பிடலாம். தோற்றுவிட்டால், அவர்கள் சாப்பிட்டு முடித்தபிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அவள் அழைத்திருந்தது முப்பது வருடம் பஸ் ஓட்டிய அப்பாவை.

"மணி என்னங்க?" என்றாள் அம்மா, முட்டையை உரித்துக்கொண்டே.

"கிளம்பற மணி," என்றார் டிரைவர். ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் தெருவில் அவர் டிரைவர்தான்.

"ஒரு மணிக்குத்தானே வரச் சொன்னா? இப்ப பத்தே கால்."

"ரெண்டு ஸ்டாப் போகணும். வழியில டயர் பஞ்சரானா?"

"நடந்தே போயிடலாமே. பத்து நிமிஷம்."

"நடந்தா செருப்பு அறுந்துபோகும்."

அம்மா உரித்த முட்டையைக் கையில் வைத்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தலைய எத்தனை தடவை சீவினீங்க?"

"ஒரு தடவை."

"ரெண்டு தடவை. நான் பார்த்தேன். கடற்கரைக்குப் போறதுக்கு எதுக்கு ரெண்டு தடவை சீவணும்? நீங்க எதையோ முழுங்கிட்டு நிக்கறீங்க."

"முட்டையைத்தான் முழுங்கலாம்னு பார்க்கறேன். நீ குடுத்தாதானே?"

அவர் முழுங்கிக்கொண்டிருந்தது என்ன என்று நமக்குத் தெரியும். மகள் நீந்தப்போகிறாள். ஒரு மணிவரைக்கும் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனால் கேள்வி வரும். கூட்டிக்கொண்டு போய்க் கடைசிக் குடையில், கடலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்துவிடலாம் என்று அவர் ஒரு திட்டம் போட்டிருந்தார். பஸ்ஸில் இருக்கிற கண்ணாடி மாதிரி, தான் மட்டும் பின்னால் நடப்பதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ரொட்டி, முட்டை, வெள்ளரிக்காய், ஃபிளாஸ்க்கில் டீ. கிளம்பிவிட்டார்கள்.

*

அம்மா அந்த ஊரில் இருபத்தாறு வருடமாக இருக்கிறாள். கடற்கரைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கரையோரம் நிற்கிற பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், லாண்டரியில்தான் அவளுக்கு வேலை. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் மெஷின்கள், ஒரு பக்கம் இஸ்திரி மேசை, நடுவில் சக்கர வண்டியில் மலைமலையாகத் துண்டுகள். ஊருக்கெல்லாம் விடுமுறை வந்தால் அவளுக்கு இரட்டை வேலை. வாரத்தில் ஒரு நாள் லீவு. அன்று தூங்கவே நேரம் போதாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மகள் வேலை செய்யும் கடலைக் கண்ணால் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை.

படிகளில் இறங்கி மணலில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன?" என்றார் டிரைவர்.

"இருபத்தாறு வருஷமா இந்த மணலை மெஷின்லேர்ந்து வழிச்சு வழிச்சுக் கொட்டியிருக்கேன். ஒரு லாரி மணல் இருக்கும். இன்னைக்குத்தான் அது பொறந்த வீட்டைப் பார்க்கறேன்."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மணல் மெல்லிய சூட்டோடு விரலிடுக்கில் புகுந்தது.

இரண்டு பக்கமும் பாறைகள் கடலுக்குள் நீண்டு கிடந்தன. அவற்றுக்கு நடுவே, தூரத்தில், அலைத்தடுப்புச் சுவர். அந்தச் சுவருக்கு வெளியே கடல் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்த தண்ணீருக்கு அந்தச் சண்டையெல்லாம் மறந்துபோயிருந்தது. கரையில் ஒரு சுருக்கம் மட்டும் விழுந்து எழுந்தது. அப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தைகள்கூட அதில் உட்கார்ந்து கையால் அடித்துக்கொண்டிருந்தன.

"இதுவா கடல்?" என்றாள் அம்மா. "அலையே காணோம்."

"அந்தச் சுவர் தடுத்துடும். அதனாலதான் குடும்பம் குடும்பமா இங்க வர்றாங்க."

"நான் என்னவோ மலை மாதிரி எழும்பி அடிக்கும்னு நெனச்சு இத்தனை வருஷம்…" என்று ஆரம்பித்தவள் சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். "அங்க பாருங்க. எங்க ஹோட்டல் துண்டு. ஓரத்துல நீலக் கோடு இருக்கு பாருங்க. ஐயோ, அந்தம்மா அதுல பிள்ளையோட ஐஸ்க்ரீமைத் துடைக்கறாங்க. சாக்லேட்! சாக்லேட் போகவே போகாதுங்க."

"நீ இன்னைக்கு லீவு."

"கறைக்கு லீவு உண்டா?"

டிரைவர் அவளைக் கடைசிக் குடைக்குக் கூட்டிப் போய், நாற்காலியை ஹோட்டல் பக்கம் திருப்பிப் போட்டார்.

"இப்படி உக்காரு. வெயில் கண்ணுல படாது."

"கடலுக்கு வந்து ஹோட்டலையா பார்க்கறது? அதான் தெனமும் பார்க்கறேனே."

"அடியிலேர்ந்துதானே பார்க்கறே? இன்னைக்கு முன்னாலேர்ந்து பாரு. பெயின்ட்டெல்லாம் நல்லா அடிச்சிருக்கான்."

அம்மா உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் ஹோட்டலைப் பார்த்தாள். பிறகு எழுந்து, நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

திட்டம் அவ்வளவில் முடிந்தது.

கரையில், தண்ணீரிலிருந்து நாலடி தள்ளி, வாத்து நின்றுகொண்டிருந்தாள். சிவப்பு நீச்சல் உடை. கைகளைக் குறுக்கே கட்டியிருந்தாள். பக்கத்தில் கழுத்தில் விசிலும் கையில் அட்டையுமாக நரைத்த மனிதர் ஒருவர். அவர்தான் லைஃப்கார்டுகளுக்கெல்லாம் தலைவர். பெரிய விசில் என்று பேர்.

வாத்து இரண்டு எட்டு முன்னால் வைத்தாள். தண்ணீர் வந்து விரல்நுனியைத் தொட்டது. மூன்று எட்டு பின்னால் வந்துவிட்டாள்.

டிரைவர் அவசரமாக ஃபிளாஸ்க்கைத் திறந்தார். "அது… அவங்க ஏதோ பயிற்சி பண்றாங்க. புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்க. முன்னால போறது, பின்னால வர்றது…"

"விடுங்க," என்றாள் அம்மா. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவ தண்ணில இறங்கறதே இல்லைன்னு."

டிரைவர் ஃபிளாஸ்க் மூடியைக் கீழே போட்டார். "யார் சொன்னா?"

"துணி சொல்லுச்சு. கடல் தண்ணில நனைஞ்ச துணி காஞ்சா அட்டை மாதிரி விறைச்சுக்கும். தையல் ஓரத்துல வெள்ளையாக் கோடு விழும். உதறினா மணல் கொட்டும். இவ துணி ஒன்பது மாசமாப் பஞ்சு மாதிரி இருக்கு. குழாய்த் தண்ணி. லாண்டரிக்காரி வீட்ல வந்து குழாய்த் தண்ணியக் கடல் தண்ணின்னு காயப் போட்டா பாருங்க, உங்க பொண்ணு!"

"மொத நாளேவா தெரிஞ்சுது?"

"ரெண்டாவது நாள். மொத நாள் நான் லேட்டா வந்தேன்." அம்மா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"போன வாரம்."

"ஓ."

"அவ யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா…"

"சரி, சரி. ஒரே வீட்ல மூணு பேரு. மூணு பேரும் நல்லா நடிச்சிருக்கோம்."

"நீ ஏன் அவகிட்ட கேக்கல?"

அம்மா ஃபிளாஸ்க் மூடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். எழுந்துவிட்டாள்.

"எங்க போறே? போகாதே. பன்னிரண்டு மணிக்குள்ள மிதவையைத் தொட்டுட்டு வரணும். இல்லைன்னா டிக்கெட் ஜன்னல்தான். நீ போனா கலைஞ்சுடுவா."

"கலையறதுக்கு என்ன இருக்கு? ஒரே எடத்துல முன்னயும் பின்னயும் போயிட்டிருக்கா. மெஷின் சிக்கிக்கிட்டா இப்படித்தான்." செருப்பைக் கையில் பிடித்தபடி அம்மா மணலில் நடக்க ஆரம்பித்தாள்.

*

"பதினொண்ணு அஞ்சு," என்றார் பெரிய விசில்.

"தெரியும் சார்."

"தெரியும்னு சொல்லி நாப்பது நிமிஷம் ஆச்சு."

"கழுத்தளவு போனாப் போதாதா சார்?"

"மிதவைன்னா மிதவை. நான் பாவம் பார்த்து விட்டுட்டேன்னா, நாளைக்கு முழுகறவன் பாவம்." கறாராகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அவசரமில்ல. இன்னும் நேரமிருக்கு. தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு."

வாத்து தலையாட்டிக்கொண்டே திரும்பினாள். திரும்பியவள் அப்படியே உறைந்துபோனாள்.

"ஐயோ. எங்கம்மா."

"ஒரு மணிக்கு வருவாங்கன்னியே?"

"அப்பாவோட வந்தா இப்படித்தான் சார்."

அம்மா வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. வாத்து முந்திக்கொண்டாள். "வாம்மா! சீக்கிரமே வந்துட்டியா? இப்பத்தான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்து நிக்கறேன்."

அம்மா கையை நீட்டி அவள் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். "முடி காஞ்சிருக்கு."

"வெயில்ல… சட்டுனு காஞ்சுடும்மா."

"துணியும் காஞ்சிருக்கு."

பெரிய விசில் அட்டையில் எதையோ மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார். அட்டையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"போதும்டி," என்றாள் அம்மா. "குழாய்த் தண்ணின்னு எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். நனைக்கறதுதான் நனைச்சே, ஒரு பிடி மண்ணையாவது அள்ளிப் போட்டுக்கிட்டு வந்திருக்கக் கூடாது? தொழில் தெரிஞ்சவளை ஏமாத்தறதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

வாத்துக்கு முகம் சிவந்தது. முதலில் வெட்கம். அது கோபமாக மாற நேரம் பிடிக்கவில்லை.

"தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தியா? ஒன்பது மாசம்?"

"இருந்தேன்."

"தெனமும் நான் வந்து, இன்னைக்கு அலை இப்படி, இன்னைக்கு ஒருத்தரை இழுத்தேன், அப்படி இப்படின்னு பொய் பொய்யாச் சொல்லுவேன். நீ உம் கொட்டிக்கிட்டு உக்காந்திருந்தே!"

"நல்லாத்தான் சொன்னே. நடுவுல ஒரு நாயைக் காப்பாத்தினியே, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

"அம்மா!" வாத்து விறுவிறுவென்று கரையோரமாக நடந்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. கோபம் வந்தால் கால் நிற்காது. அம்மாவும் விடாமல் பின்னாலேயே போனாள். "நில்லுடி. பேசிக்கிட்டிருக்கும்போது எங்க ஓடறே?"

"ஏன் கேக்கல? ஒரு வார்த்தை, 'என்னடி ஆச்சு'ன்னு ஏன் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லியிருப்பே. சொன்னா, 'பயப்படாதே, போய் இறங்கு'ன்னு நான்தான் சொல்லணும். பெத்தவ அதைத்தானே சொல்லணும்? எனக்குச் சொல்ல இஷ்டமில்ல."

"ஏன்?"

"சந்தோஷமா இருந்தேன்டி."

வாத்து திரும்பினாள். அம்மா கண்ணைத் தாழ்த்தவில்லை.

"ஆமா. சந்தோஷமா இருந்தேன். அன்னைக்கு உன்னை ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட பார்த்தேன். ஒதடு நீலமா இருந்துச்சு. அதுக்கப்புறம் நீ டிக்கெட் கிழிச்சா என்ன, குடை எண்ணினா என்ன? வீட்டுக்கு வந்தாப் போதும். நீ வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து நான் நல்லாத் தூங்கினது இந்த ஒன்பது மாசம்தான்."

"நான் தூங்கவே இல்லம்மா."

"தெரியும். பக்கத்து ரூம்ல நீ பொரண்டு படுக்கற சத்தம் கேக்கும். கேட்டுட்டு நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துப்பேன்." அம்மாவின் குரல் இறங்கியது. "அது தப்புடி. அதைச் சொல்லத்தான் வந்தேன். வேற எதுக்கும் வரல. நீ நீந்து, நீந்தாமப் போ. உன் இஷ்டம்."

வாத்து மறுபடி நடந்தாள். இந்தத் தடவை மெதுவாக. அம்மா பின்னாலேயே வந்தாள். 

"தண்ணிமேல பயம்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டிருக்காங்க," என்றாள் வாத்து.

"இல்லையா?"

"நான் அவரை உதைச்சேன்மா."

"யாரை?"

"அன்னைக்கு முழுகினவரை. கிட்டப் போனதும் என் தலைமேல ஏறிட்டார். பெரிய ஆளு. ரெண்டு தோளையும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டார். தண்ணிக்குள்ள எனக்கு மூச்சு போச்சு. ஓங்கி வயித்துல உதைச்சேன். பிடி விட்டுடுச்சு. அவர் கீழ போனார்மா. என்னைப் பார்த்துக்கிட்டே போனார்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "காப்பாத்தப் போனவ நான். நானே உதைச்சுத் தள்ளினேன்."

கரையோரமாகக் கூடவே வந்த பெரிய விசில் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, அதுதான் பயிற்சி. மேல ஏறினா உதறிக்கிட்டு விலகணும். இல்லைன்னா ரெண்டு பேரும் போயிடுவாங்க. நாங்களே சொல்லிக் குடுக்கறதுதான்."

"எனக்குத் தெரியாதா சார்?" என்றாள் வாத்து. "நானே இருபது பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். தலைக்குத் தெரியுது. தண்ணிகிட்டப் போனாலே அந்த மொகம் வந்து நிக்குது."

அம்மா கையை நீட்டி அவளை நிறுத்தினாள்.

"அந்த ஆளு இருக்காரா?"

"இருக்கார். அடுத்த வாரமே ஊருக்குப் போயிட்டார்."

"நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கார்."

"எந்தக் கால்ல உதைச்சே?"

"என்னது?"

"வலதா, இடதா?"

"… வலது."

அம்மா அவளைத் தன் பக்கம் திருப்பினாள். "வலது காலா? அதுக்குத் தங்கத்துல செருப்பு பண்ணிப் போடணும்டி."

"அம்மா!"

"விளையாட்டுக்குச் சொல்லல. அந்தக் கால் மட்டும் சும்மா இருந்திருந்தா இன்னைக்கு நான் யார்கூடச் சண்டை போட்டுக்கிட்டு நிக்கறது? உங்கப்பாகூடவா? அவர்கூடச் சண்டை போட்டா சுவாரசியமே இருக்காது. நல்லா உதைச்சே. இன்னும் ரெண்டு உதை உதைச்சிருக்கணும். தடியன், நீச்சல் தெரியாதவன் எதுக்கு அவ்வளவு தூரம் போனான்? அவன் விலாசம் இருக்கா உங்ககிட்ட?" இது பெரிய விசிலுக்கு.

"அந்த விவரமெல்லாம் வெளியில குடுக்கறதில்லம்மா."

"ஒரு லெட்டர் போடத்தான். அசிங்கமா எழுதமாட்டேன்."

வாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு கலந்து ஒரு மாதிரி விக்கலாக வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பெரிய விசில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

அப்போதுதான் குடையிலிருந்து டிரைவரின் குரல் கேட்டது. பஸ்ஸின் கடைசி சீட்டுவரை எட்டும் குரல்.

"ஏய்! ரெண்டு பேரும் எங்க நிக்கறீங்கன்னு பாருங்க!"

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

வாத்துக்கு இடுப்பு வரை தண்ணீர். அம்மாவுக்கு முழங்காலுக்கு மேல். கையிலிருந்த செருப்பில் ஒன்று கை நழுவிப் போய்ப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. கோபத்தில் நடந்தவள் எந்தப் பக்கம் நடக்கிறோம் என்று பார்க்கவில்லை, துரத்தினவளும் பார்க்கவில்லை.

"ஐயையோ!" என்று அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நான் எப்படி இங்க வந்தேன்?"

"நடந்துதான்மா வந்தே."

"என்னைக் கரையில கொண்டுபோய் விடுடி."

"ஏழெட்டு எட்டுதான். திரும்பி நட. நீயே போயிடுவே." வாத்து தண்ணீரைப் பார்த்தாள். உள்ளங்கையால் அதைத் தொட்டாள். தூரத்தில் மஞ்சள் மிதவை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. "சார், மணி என்ன?"

"பதினொண்ணு இருபத்தெட்டு."

"நான் போறேன்."

அம்மா பிடித்திருந்த தோளை உடனே விடவில்லை. வாத்து காத்திருந்தாள். அம்மா ஒரு விரலாக, ஒரு விரலாகக் கையை எடுத்தாள்.

*

அம்மா குடைக்குத் திரும்பி வந்தாள். நாற்காலியை மறுபடி ஹோட்டல் பக்கமே திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பார்க்கலையா?" என்றார் டிரைவர்.

"என்னால முடியாது. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

டிரைவர் எழுந்து நின்றார். கண்ணுக்கு மேல் கையைக் குவித்துக்கொண்டார்.

"வண்டி எடுத்துட்டா. சீரா போறா. கை நல்லா விழுது."

"உம்."

"கயிறு போட்டிருக்காங்கல்ல, குழந்தைகளுக்கு? அதைத் தாண்டிட்டா."

"உம்."

"பாதி தூரம் வந்துட்டா." அவர் நிறுத்தினார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"என்னங்க?"

"நிக்கறா."

அம்மா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தாள். ஹோட்டலின் ஐந்தாவது மாடியில் யாரோ ஒரு துண்டை வெளியே காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் துண்டையே பார்த்தாள்.

"நிக்கறான்னா? முழுகறாளா?"

"இல்ல இல்ல. மல்லாந்து படுத்திருக்கா. மொகம் மேல இருக்கு. பெரிய விசில் படகுப் பக்கம் போறார்… இல்ல, நின்னுட்டார். கைய ஆட்டறா. வேண்டாம்னு சொல்றா போலிருக்கு."

"எவ்வளவு நேரமா?"

"இப்பத்தான். மூச்சு வாங்கறா. வாங்கட்டும். ஏத்தத்துல வண்டியும் அப்படித்தான் ஒரு நிமிஷம் நிக்கும்."

"வண்டிக் கதையெல்லாம் வேண்டாம். அவளைப் பாருங்க."

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."  ஒரு நிமிடம் போனது. அம்மாவுக்கு அது ஒரு முழு ஷிஃப்ட்டாக இருந்தது. "கவுந்துட்டா. கை போடறா. போறா! போறாம்மா போறா! இன்னும் கொஞ்சம்தான்… கைய நீட்டறா…"

"தொட்டாளா?"

டிரைவர் தலையை மட்டும் ஆட்டினார். ஹோட்டலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவளுக்கு அது எப்படித் தெரியும்?

"தொட்டாளாங்க? வாயத் திறந்து சொல்லுங்களேன்!"

"தொட்டுட்டா."

அம்மா எழுந்து திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் மிதவைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கறுப்புத் தலை. அது இந்தப் பக்கம் திரும்பியது. கைகள் மாறி மாறி விழுந்தன. வெயிலில் ஒவ்வொரு தடவையும் நீர்த்துளிகள் சிதறின. இவ்வளவு வருடமாக இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது. பயம் போய்விடவில்லை. அதுவும் கூடவே நின்று பார்த்தது.

வாத்து கரைக்கு வந்து, நாலு கால் பிராணி மாதிரி மணலில் ஊர்ந்து, குப்புற விழுந்தாள்.

"பதினொண்ணு நாப்பத்தாறு," என்றார் பெரிய விசில். அட்டையில் முதல் தடவையாக ஏதோ எழுதினார். "நடுவுல என்ன ஆச்சு?"

"வந்து நின்னார் சார்," என்றாள் வாத்து, மணலில் முகத்தை வைத்தபடியே. "அதே மொகம். நானும் நின்னேன். மல்லாந்து படுத்து, ஊருக்குப் போய்ச் சௌக்கியமா இருக்கீங்களான்னு கேட்டேன். அப்புறம் அம்மா லெட்டர் போடப் போறாங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"போயிட்டார்."

அம்மா ஓடி வந்து சேர்ந்தாள். யாருடையதென்று பார்க்காமல் பக்கத்து நாற்காலியில் கிடந்த நீலக் கோடு போட்ட துண்டை எடுத்து மகளின் தலையை அழுத்தித் துடைத்தாள். முகத்தைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். துடைத்து முடித்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"தோல் உரியுதும்மா!"

"உரியட்டும். சும்மா இரு."

அந்தத் துண்டுக்குச் சொந்தக்காரம்மா திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் அவர் கையில் ஒரு முட்டையைக் கொடுத்து, "எங்க பொண்ணு," என்றார். அந்தம்மாவுக்கு என்ன புரிந்ததோ, "ரொம்ப சந்தோஷம்," என்று முட்டையை வாங்கிக்கொண்டார்.

பெரிய விசிலையும் சேர்த்து நான்கு பேருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரொட்டியில் மணல் நறநறத்தது. யாரும் புகார் சொல்லவில்லை. மூன்று பேரும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து பேசினார்கள். ஒன்பது மாதத்துப் பாக்கிப் பேச்சு. காப்பாற்றிய நாய் என்ன நிறம் என்று அம்மா கேட்டாள். வாத்து பழுப்பு என்றாள். "அன்னைக்கு வெள்ளைன்னியே?" என்றாள் அம்மா. டிரைவர் தேநீர் புரையேறிச் சிரித்தார். மகள் வாய்விட்டுச் சிரிப்பதை அம்மா அடிக்கடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். இந்தச் சிரிப்பு வீட்டில் எப்போது நின்றது என்று அவளுக்கு ஞாபகமே வரவில்லை. நின்றதை எப்படிக் கவனிக்காமல் இருந்தாள்? துணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் பெரிய விசில் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து மூணாம் நம்பர் காவல் மேடை. நம்ம பக்கம் எல்லாம் முடிஞ்சுது. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி."

"இங்க குடுங்க சார்," என்றாள் வாத்து.

"உன்னோடது இல்ல. விபத்துக்கப்புறம் மறுபடி மேடை ஏறணும்னா, வீட்லேர்ந்து ஒருத்தர் சம்மதம்னு போடணும். எங்க ஆபீஸ் விதி."

டிரைவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

"நீங்க இல்ல, டிரைவர் சார்," என்றார் பெரிய விசில் தயக்கத்தோடு. "வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு யார் பேரைக் குடுக்கறேன்னு கேட்டோம். பொண்ணு அம்மா பேரைத்தான் எழுதிக் குடுத்திருக்கு."

  வாத்து அம்மாவைப் பார்க்காமல், மணலில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் பேனாவை நீட்டினார்.

அம்மா தாளை வாங்கினாள். முழுதும் படித்தாள். கீழே, வெற்றிடமாக விட்டிருந்த வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள். காவல் மேடையைப் பார்த்தாள். அதன் ஏணியை, ஏணியின் கடைசிப் படியை, அதற்கப்பால் விரிந்திருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"எப்பக் குடுக்கணும்?" என்றாள்.

"திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்குள்ள."

அம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். தாளை நாலாக மடிக்கப் போனவள், மடிக்காமல் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"கை ஈரமா இருக்கு," என்றாள். "காயட்டும்."